முப்பத்தோராம் குறிப்பு

ஷிராணியை அவளுடைய கந்தோரில் 'குறிப்பு மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டியில், பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கந்தோர். பதினொரு தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவு அது. மார்ச் மாதத்தோடு கணக்கு முடிந்ததும் ஆண்டறிக்கை எழுதும் வேலை தொடங்கும். முன்பக்கங்களில் தலைவரின் கடிதமும் பனிமலைப் படங்களும் வரும். அவற்றைக் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனி பார்த்துக்கொள்ளும். பின்பக்கங்களில் இலக்கங்களும், அந்த இலக்கங்களுக்கு விளக்கமாகச் சின்ன எழுத்தில் நாற்பது குறிப்புகளும் இருக்கும். அந்த நாற்பதும் ஷிராணியுடைய வேலை. பதினான்கு வருடமாக அவள் எழுதிக்கொடுத்ததில் கணக்காய்வாளர்கள் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அவள் பிறந்தது புசல்லாவைப் பக்கம், அதே கம்பனியின் தோட்டம் ஒன்றில். அப்பா சுவக்கின் முப்பத்தாறு வருடம் அங்கே தேயிலைப் பெக்டரியில் வேலை செய்தவர். தோட்டங்கள் அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பனிகளின் கைக்குப் போன காலத்தில், வேலையிலிருந்தவர்களுக்குக் கொஞ்சம் பங்குகள் இலவசமாகக் கிடைத்தன. சுவக்கினுக்கு நூற்றெண்பது பங்கு. அதனால் வருடத்துக்கு ஒருமுறை ஆண்டறிக்கை அவர் பெயருக்குத் தபாலில் வரும். எல்லாம் ஆங்கிலம். படங்களைப் பார்த்துவிட்டு டி.வி.க்கு அடியில் அடுக்கி வைப்பார். 'என் மக எழுதின புத்தகம்' என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். பிறகு புத்தகம் வருவது நின்றுபோய், போனில் பார்க்கச் சொல்லி ஒரு தாள் மட்டும் வரத் தொடங்கியது. அந்தத் தாளையும் அவர் எறியவில்லை.

2022 டிசம்பரில் அந்த ஆண்டறிக்கைக்கு ஒரு போட்டியில் வெள்ளி விருது கிடைத்தது. கணக்கு முகாமையாளர் ஹபீல் கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். மாவனல்லையைச் சேர்ந்தவர், ஐம்பது வயது, யாரையும் சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

"சேர், இத உண்மையில யார்தான் வாசிக்கிறாங்க?" என்று ஷிராணி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

ஹபீலும் சிரித்தார். "பேங்க்ல ரெண்டு பேர் வாசிக்கிற. போட்டி நடத்துற ஆக்கள் வாசிக்கிற. பொறகு நீங்களும் நானும். வேற யார் ஈக்கிற?"

அன்றைக்கு அது ஒரு பகிடியாகத்தான் இருந்தது.

அடுத்த ஏப்ரலில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் அப்பாவின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கத்தரீனா வந்தாள். பக்கத்து லயத்து வீட்டுக்காரி. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து, அந்த ஜனவரியில்தான் வேலையிலிருந்து நின்றவள். கையில் ஒரு பொலித்தீன் பை. அது நிறையச் சம்பளச் சீட்டுகள்.

"ஷிராணி புள்ள, நான் கண்டி லேபர் ஆபிசுக்குப் போனேன், ஈ.பி.எப். சேமிப்புக் காசு எடுக்கலாம்னு. அந்த ஆபிசர் மாத்தயா கம்பியூட்டர என் பக்கம் திருப்பிக் காட்டுறாரு. இருபத்தாறு மாசமா ஒரு சதமும் போகலயாம். ஆனா இங்க பாரு, மாசாமாசம் எங்கிட்ட புடிச்சிருக்கானுங்க."

சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஈ.பி.எப். பிடித்த வரிக்கு நேரே பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

சுவக்கின் மகளைப் பார்த்தார். "நீ அந்தக் கணக்குலதானே இருக்க. ஒனக்கு இது தெரியாதா?"

"தெரியும்ப்பா," என்றாள் ஷிராணி. "அது ஒளிச்சு வச்ச விசயம் இல்ல. ரிப்போர்ட்ல போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு? காட்டு."

போனில் ஆண்டறிக்கையைத் திறந்து, பணிப்பாளர்களின் கூற்று இருக்கும் பக்கத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். "சட்டப்படி செலுத்த வேண்டியவை அனைத்தும், முப்பத்தோராம் குறிப்பில் சொல்லப்பட்டவை நீங்கலாக, செலுத்தப்பட்டுள்ளன." பிறகு நூறு பக்கம் தள்ளி முப்பத்தோராம் குறிப்பைக் காட்டினாள். 'ஏனைய கொடுப்பனவுகள்' என்ற தலைப்பில், மின்சாரக் கட்டணத்துக்கும் உர வியாபாரிகளுக்கும் நடுவில் 'சட்டரீதியான நிலுவைகள்' என்று ஒரு வரி. இருபத்தைந்து கோடி ரூபா. அது போன வருடத்துக் கணக்கு. இப்போது நாற்பத்து நான்கு கோடியைத் தாண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

சுவக்கின் போனை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தார். "இத வாசிச்சா, கத்தரீனாவோட காசு கட்டலன்னு யாருக்குப் புரியும்?"

"கணக்குத் தெரிஞ்சவங்களுக்குப் புரியும்ப்பா."

"கணக்குத் தெரிஞ்சவனோட காசா அது?"

ஷிராணி போனை அணைத்தாள். கத்தரீனா கோபப்படவில்லை. சீட்டுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே, "எனக்கு மட்டுந்தானா, எல்லாருக்கும் இப்படியா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும், பெரியம்மா. பதினொரு தோட்டத்துக்கும்."

ஓய்வுபெற்ற அப்பாவுக்குச் சேவைக்காலப் பணமான பணிக்கொடை ஒன்றரை வருடமாக வராததும் அந்தக் குறிப்புகளில் இன்னொன்றுக்குள் கிடந்தது. வேலை நின்று ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டிய பணம். எப்போதோ ஓய்வுபெறப் போகிறவர்களுக்கான தொகையோடு சேர்த்து, நீண்டகாலக் கணக்கில் ஒரே இலக்கமாக அது போடப்பட்டிருந்தது. அதைச் சேர்த்து எழுதியவள் அவளேதான். எந்தத் தரநிலையின்படி சேர்க்கலாம் என்று கேட்டிருந்தால் பந்தி இலக்கத்தோடு சொல்லியிருப்பாள். அன்றைக்குக் கம்பளை வழியாகக் கண்டி பஸ்ஸில் திரும்பும்போது, தான் பொய் ஒன்றும் எழுதவில்லை என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். உண்மை என்பதால் மனம் ஆறவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவள் ஒரு வேலையைத் தொடங்கினாள். ஆண்டறிக்கையோடு சேர்த்துத் தோட்டங்களுக்கு அனுப்ப, தமிழிலும் சிங்களத்திலும் நான்கு பக்கம். இந்த வருடம் தேயிலை விற்று எவ்வளவு வந்தது, அது எங்கே போனது, தொழிலாளருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது, தோட்டம் தோட்டமாக எத்தனை மாத நிலுவை, எப்போது கட்டப்போகிறார்கள். முதல் இரண்டு பக்கம் வியாபாரம், பின் இரண்டு பக்கம் நிலுவை. தமிழை எழுதி முடித்ததும் கத்தரீனாவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினாள்.

"நில்லு நில்லு. 'கம்பனியின் பொறுப்புகள்'னா என்னது?" என்றாள் கத்தரீனா.

"கம்பனி மத்தவங்களுக்குக் குடுக்க வேண்டிய பணம், பெரியம்மா."

"அட, நான் யாரோ பொறுப்பு எடுத்துக்கிட்டாங்கன்னுல்ல நெனச்சேன். குடுக்க வேண்டிய பணம்னே எழுதேன்."

அப்படியே எழுதினாள். இதுபோல எத்தனையோ சொற்கள். தேய்மானம், ஒதுக்கம், மீள்மதிப்பீடு. ஒவ்வொன்றையும் கத்தரீனா தடுத்து நிறுத்திக் கேட்கக் கேட்க, அந்தச் சொற்களைத் தானும் பல வருடமாக யோசிக்காமலே எழுதி வந்திருப்பது ஷிராணிக்குத் தெரிந்தது. மூன்று வாரம் பிடித்தது அந்த நான்கு பக்கத்துக்கு.

ஹபீல் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா ஈக்கிது ஷிராணி. எங்கட கம்பனிய நானே இண்டைக்குத்தான் வெளங்கிக்கொண்ட மாதிரி ஈக்கிது. நான் மேல கொண்டு போறேன்."

கொழும்புக்குக் கொண்டு போனார். பத்து நாளில் பதில் வந்தது. யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்ததாம். அடுத்த போட்டிக்கும் அது உதவுமாம். ஆனால் நிலுவை பற்றிய இரண்டு பக்கமும் வேண்டாம். அதுதான் ஆண்டறிக்கையில் இருக்கிறதே. திரும்பச் சொன்னால் ஆட்கள் பயந்துபோவார்கள். அந்த இடத்துக்குப் படங்கள் போடலாம்.

"அப்ப மிச்சம் என்ன சேர் இருக்கு?" என்று கேட்டாள் ஷிராணி.

ஹபீல் அவளைப் பார்க்காமல் சொன்னார். "படம் ஈக்கிது."

அவள் மறுத்திருக்கலாம். தன் பெயரை அதில் போட வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சுப் பிழை பார்த்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். அம்பிட்டியவில் அவளும் கணவன் எஸ்ரனும் வாங்கிய சிறிய வீட்டுக்கு இன்னும் ஒன்பது வருடக் கடன் இருந்தது. எஸ்ரன் போட்டோகொப்பி மெஷின் திருத்துகிறவன். அவனுடைய வருமானம் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. பின்னொரு நாள் இதைப் பற்றிக் கேட்டவர்களிடம், "வேலய நெனச்சுத்தான் வாய மூடிக்கிட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல," என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

செப்டெம்பர் சம்பளத்தோடு அந்த வழுவழுப்பான நாலு பக்கம் எல்லாத் தோட்டங்களிலும் கொடுக்கப்பட்டது. அன்று பின்னேரமே சுவக்கின் போன் எடுத்தார். அவருடைய குரலில் அவ்வளவு சந்தோசத்தை அவள் கேட்டு நாளாகியிருந்தது.

"வந்திருச்சு புள்ள. தமிழ்ல இருக்கு. முதல்லருந்து கடைசி வரைக்கும் வாசிச்சேன், எல்லாம் புரியுது. பசள, ஒரம் எதுவும் இல்லாமத்தான் கஷ்டமாம். இப்ப வெல ஏறுதாம். 'உங்கள் நலனே எங்கள் பலம்'னு போட்டிருக்காங்க. அப்ப என் காசும் சீக்கிரம் வந்துரும்போல, இல்லையா?"

முன்பு அவருக்கு அந்த ஆங்கிலம் வாசிக்கத் தெரியவில்லை. அதனால் சந்தேகமாவது மிஞ்சியிருந்தது. இப்போது வாசிக்கத் தெரிந்த மொழியில், மகளின் கையால், அதையும் எடுத்துவிட்டார்கள்.

"இல்லப்பா," என்றாள் ஷிராணி. "ஞாயித்துக்கெழம வாறேன். பேசுவோம்."

எஸ்ரன் தடுத்தான். "நீ போய் என்ன சொல்லப்போற? அந்த வேலதான் நம்ம கடனக் கட்டுது ஷிராணி."

"ஒண்ணும் புதுசாச் சொல்ல மாட்டேன். அச்சடிச்ச புத்தகத்த வாசிக்கத்தான் போறேன்."

ஷிராணி வாசிக்க வருவதை அறிந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தரீனாவின் வாசலில் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் பங்குப் பத்திரத்தைப் பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள்; அது எதற்கு என்று பலருக்கும் தெரியவில்லை. ஷிராணி புதிய ஆண்டறிக்கையின் முப்பத்தோராம் குறிப்பை வாசித்தாள். நாற்பத்து நான்கு கோடி. பணிக்கொடைக் குறிப்பையும் வாசித்தாள். கந்தோரில் மட்டும் தெரிந்த எதையும் சொல்லாமலிருக்க ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பங்கு வைத்திருப்பவர்கள் வருடாந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்பதும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. அதையும் வாசித்தாள்.

கேள்விகளைக் கத்தரீனா சொல்ல, சுவக்கின் எழுதினார். எங்களிடம் பிடித்த பணம் எங்கே? ஒவ்வொரு தோட்டத்துக்கும் எத்தனை மாதம் பாக்கி? எந்தத் திகதியில் கட்டுவீர்கள்? நாற்பத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். கடிதத்தை எழுதியவர் என்பதால் முதல் பெயர் சுவக்கினுடையது. மறுநாள் புசல்லாவை தபாற்கந்தோரில் பதிவுத்தபாலில் அனுப்பினார்கள்.

வருடாந்தக் கூட்டம் இணையத்தில் நடந்தது. ஹபீலும் ஷிராணியும் கண்டிக் கந்தோரில் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அந்த மூன்று கேள்விகளையும் ஆங்கிலத்தில் வாசித்து, எழுதியவரின் பெயரையும் சொன்னார். 'பணவரவு சீரடைந்ததும் தீர்க்கப்படும்' என்றார் தலைவர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். ஹபீல் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுவக்கின் உங்கட வாப்பாதானே?" என்று கேட்டார்.

"ஆமா சேர். நான்தான் வாசிச்சுக் காட்டினேன்."

"நீங்க ரகசியம் ஒண்டும் சொல்லல்ல. எனக்கு வெளங்குது. ஆனா மேல அப்படிப் பாக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கம்பனிக்குக் கடன் கொடுத்த வங்கியும் இருந்தது. வருடாவருடம் அந்த அறிக்கை கைக்கு வந்தும் முப்பத்தோராம் குறிப்பை அவர்கள் நின்று வாசித்திருக்கவில்லை. இப்போது வாசித்தார்கள். ஒக்டோபரில் கம்பனியின் கடன் வரம்பைக் குறைத்தார்கள். நவம்பர் சம்பளம் ஒன்பது நாள் பிந்தியது. தீபாவளி அந்த ஒன்பது நாளுக்குள் வந்து போனது.

தோட்டத்து ஆபிசில், "உங்காளுங்க எழுதின கடுதாசிதான் காரணம்" என்று சொல்லப்பட்டது. அது முழுப் பொய்யும் இல்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க முடியாமல் போன வீடுகளில் ஷிராணியின் பெயர் அடிபட்டது. கடையில் சாமான் வாங்க நின்ற சுவக்கினின் முகத்துக்கு நேரே ஒருவன், "ஒம் மகளுக்கென்ன, டவுன்ல மாசச் சம்பளம்," என்றான். கத்தரீனா மட்டும் எதிர்த்துப் பேசினாள். "அவ இருக்கிறதத்தானே வாசிச்சா? இல்லாததச் சொன்னாளா?" என்று கேட்டாள். அதற்காக அவளோடு பேசுவதையே சிலர் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாரம் சுவக்கின் மகளுக்குப் போன் எடுத்தார். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத புள்ள."

டிசம்பரில் அவளுக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. கொழும்பில் தேயிலைக் களஞ்சியம் ஒன்றில் பெட்டிக் கணக்குப் பார்க்கும் வேலை. காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அம்பிட்டியவிலிருந்து தினம் போய்வர முடியாது. எஸ்ரனை விட்டு அங்கே தங்கவும் முடியாது. ஜனவரியில் வேலையை விட்டாள். ஹபீல் நல்ல சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுத்து, படிவாசல் வரை வந்து நின்றார்.

ஐந்து மாதம் வேலையில்லை. கடன் தவணை இரண்டு தவறியது. அந்த நாட்களில் எஸ்ரன் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருவரும் அளந்துதான் பேசினார்கள். பிறகு கட்டுகஸ்தோட்டையில் றவூப் என்பவரின் ஹாட்வெயார் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

இதற்கிடையில், வங்கியும் தொழில் திணைக்களமும் இரண்டு பக்கமும் நெருக்க, கம்பனி நிலுவையைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் கத்தரீனாவின் இருபத்தாறு மாதத்தில் பதினொரு மாதம் வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல அவள் கண்டிக்கு வந்தாள். கடைக்குள் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஷிராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

2024இன் ஆண்டறிக்கை வருவதற்கு முன்பு, ஹபீலிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது. தமிழில் ஓர் அட்டவணை. தோட்டத்தின் பெயர், பாக்கி மாதம், அடுத்த தவணைத் திகதி, சேவைக்காலப் பணம் பெற வேண்டியவர்களின் எண்ணிக்கை. எல்லாம் நேராக, சுற்றிவளைக்காமல் எழுதப்பட்டிருந்தது. 'பாத்துச் சொல்லுங்கொ' என்று கீழே ஒரு வரி. ஷிராணி இரண்டு எழுத்துப் பிழையைக் காட்டினாள். பிறகு, 'நல்லா இருக்கு சேர். ஆனா சேவைக்காலப் பணத்துக்குத் திகதி போடலையே?' என்று எழுதினாள். அவர் வாசித்துவிட்டதை போன் காட்டியது. பதில் வரவில்லை.

அந்தக் கிறிஸ்மசுக்குத்தான், ஒரு வருடத்துக்கும் மேலாகி, அவள் அப்பாவிடம் போனாள். வழியில் சிலர் சிரித்தார்கள். சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். சுவக்கின் மெலிந்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். கத்தரீனாவும் வந்துவிட்டாள். புதிய அறிக்கையின் அந்தத் தமிழ்ப் பக்கத்தை அவள் தானே பல தடவை வாசித்து, கேட்க வேண்டியதைக் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"இங்க பாரு, நம்ம தோட்டத்துல அறுபத்து மூணு பேருக்கு சர்வீஸ் காசு குடுக்கணும்னு இருக்கு. எப்பன்னு இல்ல. திரும்பவும் கேக்கணும்."

"இந்த அறுபத்து மூணுல நான் இருக்கேனா?" என்று சுவக்கின் மகளைக் கேட்டார்.

"இருக்கீங்கப்பா."

அவர் தலையை ஆட்டினார். கத்தரீனா வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தியபோது அதைத் தொடவில்லை. "நீங்க எழுதுங்க. எனக்கு இன்னொரு வாட்டி அந்தக் கடைக்கு முன்னால தலகுனிஞ்சு நிக்க ஏலாது."

ஷிராணி அவரை வற்புறுத்தவில்லை. கத்தரீனா கதிரையை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு, எழுத்துக்கூட்டி, மெதுவாகத் தானே எழுதினாள். முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. ஷிராணி அதில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

அந்தக் கடிதம் ஜனவரியில் பதினேழு கையெழுத்தோடு கம்பனிக்குப் போனது. சுவக்கினின் கையெழுத்து அதில் இல்லை. இதுவரை பதில் வரவில்லை.